டெக்சாஸ் கிராமத்துக் கவுண்டியில் கைது விவரம்: ஷெரீஃப் பட்டியலா, கிளார்க் அலுவலகமா?

நேற்றிரவு பிடிபட்டவர் எங்கே என்று தெரிய வேண்டுமென்றால் கவுண்டியின், அதாவது மாவட்டம் போன்ற பகுதியின், காவல் தலைவரான ஷெரீஃபின் சிறைப் பட்டியல்தான் வழி. குடும்பப் பெயரின் முதல் மூன்று எழுத்தை மட்டும் போட்டுத் தேடுங்கள். பதியும்போது எழுத்துப்பிழை சகஜம். சேர்த்த தேதி, குற்றச்சாட்டு, ஜாமீன் தொகை மூன்றையும் அப்போதே குறித்துக்கொள்ளுங்கள். பல கவுண்டிகளில் ஆள் வெளியே வந்ததும் பெயரும் மறைந்துவிடும். இணையத்தில் பட்டியலே இல்லாத சின்னக் கவுண்டியில் சிறைக்கு நேராகப் போன் செய்வதே வழி. பழைய பதிவுக்கு, பொதுத் தகவல் சட்டப்படி ஷெரீஃபுக்கு எழுத்தில் மனு கொடுக்கலாம்.

வழக்கு என்ன ஆனது என்பதை அந்தப் பட்டியல் சொல்லாது. அதற்கு நீதிமன்றப் பதிவுகளை வைத்திருக்கும் கிளார்க்கிடம் போக வேண்டும்: பெருங்குற்றம் என்றால் டிஸ்ட்ரிக்ட் கிளார்க், சிறைத்தண்டனை கிடைக்கக்கூடிய ஏ, பி வகைச் சிறுகுற்றம் என்றால் கவுண்டி கிளார்க். மாற்றிக் கேட்டால் ‘பதிவு இல்லை’ என்றே பதில் வரலாம். அதை நம்பி விட்டுவிடாதீர்கள். நீதிமன்ற ஆவணங்களுக்குப் பொதுத் தகவல் சட்டம் பொருந்தாது, நேரடியாகக் கேட்டு நகலுக்குப் பணம் கட்ட வேண்டும். கைதான மறுநாளே போனால் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. அரசு வழக்கறிஞர் வழக்குப் பதிய வாரக்கணக்கில் ஆகலாம், பதியாமலும் விடலாம்.

ஒருவரை வேலைக்கோ வாடகைக்கோ எடைபோட கிளார்க்கின் பதிவை மட்டுமே நம்புங்கள். கைது என்பது தண்டனை அல்ல.