ஜிப்சியை இரண்டு அங்குலம் தூக்கினேன்: பின்பக்கம் வீட்டில், முன்பக்கம் கடையில்

கோத்தகிரியிலிருந்து கோடநாடு போகும் வழியில், ஈளாடா தாண்டி மண் பாதையில் இறங்கினால் எங்கள் தேயிலைத் தோட்டம். ஐப்பசி மழை முடிந்தால் சக்கரத் தடம் இரண்டும் குழியாகி நடுவில் மேடு நின்றுவிடும், ஜிப்சியின் அடிவயிறு உரசாமல் தோட்டம் போய்ச் சேர முடியாது. அதனால்தான் நான்கு பக்கத்துக்கும், வண்டியை இரண்டு அங்குலம் உயர்த்தும் லிஃப்ட் ஸ்பிரிங் செட் (பட்டை ஸ்பிரிங்) வாங்கினேன். ஸ்பிரிங்கின் ஒரு முனையைச் சேஸிஸோடு (வண்டியின் அடிச்சட்டம்) இணைக்கும் ஷேக்கிளை மட்டும் நீளமாகப் போட்டால் செலவு குறையும் என்றார்கள். ஆனால் ஷேக்கிளை இரண்டு அங்குலம் நீட்டினால் வண்டி ஓர் அங்குலம்தான் ஏறும், முன்பக்கம் கேஸ்டர் கோணமும், அதாவது ஸ்டீயரிங் தானாக நேருக்கு வர உதவும் சாய்வும், கெடும். எனக்கு அது வேண்டாம்.

பின்பக்கத்தை வீட்டிலேயே பிரித்தோம், நானும் மச்சானும். மலையில் சமமான தரை கிடைப்பதே கஷ்டம், எங்களுக்கு இருந்தது இலை மூட்டை இறக்கும் சிமெண்ட் தளம் ஒன்றுதான். வண்டியைத் தூக்கி சேஸிஸுக்கு அடியில் ஸ்டாண்டு வைத்த பிறகுதான் அடியில் படுத்தோம். தயவுசெய்து யாரும் ஜாக்கியை மட்டும் நம்பிப் படுக்காதீர்கள். அரை நாளில் முடியும் என்று நினைத்த வேலை இரண்டு நாள் இழுத்தது, காரணம் ஒரே ஒரு போல்ட். ஸ்பிரிங்கின் முன் கண்ணில் (முனையில் சுருண்ட வளையம்) இருக்கும் அந்தப் போல்ட், இங்கே அடிக்கிற ஈரத்துக்கு, அதைச் சுற்றியுள்ள ரப்பர் புஷ்ஷின் உள் குழாயோடு துருப்பிடித்து ஒன்றாகிவிட்டிருந்தது. ராத்திரி முழுக்க எண்ணெய் விட்டு ஊறவைத்து, காலையில் சுத்தியலால் அடித்து, எதற்கும் அசையாமல் கடைசியில் கிரைண்டரால் அறுத்து எடுத்தோம். கடையில் கேஸ் வைத்துச் சூடாக்கியிருந்தால் பத்து நிமிஷத்தில் வந்திருக்கும்.

ஸ்பிரிங்கை அச்சோடு பிடிக்கும் பழைய யூ போல்ட்டைத் திரும்பப் போடவில்லை, ஒருமுறை இறுக்கியது இழுபட்டிருக்கும். புதிதாக வாங்கியதை இறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்ச் வைத்துக் குறுக்கும் நெடுக்குமாக இறுக்கினேன். 300 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி ரெஞ்ச் போட்டால் ஒவ்வொரு நட்டும் கால் சுற்று நகர்ந்தது. அச்சைத் தொங்கவிட்டுப் பார்த்தபோது பின் பிரேக் ஹோஸ் (பிரேக் எண்ணெய் போகும் ரப்பர் குழாய்) கயிறு மாதிரி விறைத்து நின்றது, உடனே நீளமானது வாங்கி மாட்டினேன். மேட்டுப்பாளையம் இறக்கத்தில் ஹோஸ் அறுந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

முன்பக்கம் ஸ்டீயரிங் சம்பந்தப்பட்டது, எனக்குத் தைரியம் இல்லை. கோவையில் ஒரு கடையில் கூலி 5,500 பேசிக் கொடுத்தேன். நான்கு மணி நேரத்தில் முடித்தார்கள். வண்டி தூக்கும் லிஃப்ட், பிரஸ், அலைன்மெண்ட் மெஷின் எல்லாம் இருக்கிறது. கேஸ்டர் குறைந்திருப்பதை அவர்களே மெஷினில் பார்த்து, நான் கேட்காமலேயே ஆப்பு வடிவத் தகடு வைத்துச் சரிசெய்து, அளவு அச்சிட்ட தாளையும் கையில் கொடுத்தார்கள். வளைவில் திருப்பிவிட்டுக் கையைத் தளர்த்தினால் ஸ்டீயரிங் ஒழுங்காக நேருக்கு வருகிறது. இதை என் வீட்டுச் சிமெண்ட் தளத்தில் செய்திருக்கவே முடியாது, இதற்குக் கொடுத்த காசு தகும்.

ஆனால் குஞ்சப்பனை தாண்டியதும் முன்னாலிருந்து ஒரு கிறீச் சத்தம். வீட்டுக்கு வந்து குனிந்து பார்த்தால் ஷேக்கிள் புஷ்ஷின் ரப்பர் முறுக்கிக்கொண்டு ஒரு பக்கமாகப் பிதுங்கி நிற்கிறது, ஒன்றில் கீறலே விழுந்துவிட்டது. சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே போல்ட்டை இறுக்கியிருக்கிறார்கள். சக்கரம் தரையில் நின்று, வண்டியின் எடை ஸ்பிரிங்கில் ஏறிய பிறகுதான் கடைசி இறுக்கம் இறுக்க வேண்டும், இல்லையென்றால் ரப்பர் எப்போதும் முறுக்கிலேயே கிடந்து கிழியும். போன் செய்தேன். "எல்லா வண்டிக்கும் இப்படித்தாண்ணா பண்றோம்" என்றார் மெக்கானிக். எனக்குக் கோபம்தான் வந்தது. அப்புறம் புது புஷ் ஒன்று காசு வாங்காமல் கொடுத்தார்கள். நானே எல்லாவற்றையும் தளர்த்தி, பானெட்டைப் பிடித்து நாலு தடவை அமுக்கி ஆட்டிவிட்டு இறுக்கினேன். சத்தம் போய்விட்டது. எனக்குப் பின்பக்கம் இனியும் வீட்டில்தான், முன்பக்கத்துக்கு அதே கடைக்கே போவேன், ஆனால் போல்ட் இறுக்கும்போது பக்கத்தில் நிற்பேன்.

செய்ய நினைப்பவர்களுக்கு இன்னும் இரண்டு விஷயம். கடை பில் இருந்தால் சட்டப்படி சரி என்று எண்ண வேண்டாம். கம்பெனி கொடுத்த வடிவமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை உறுதியாகச் சொல்லிவிட்டது. யார் மாட்டினாலும் பொறுப்பு வண்டிக்காரருக்குத்தான். அடுத்தது, ஸ்பிரிங் மாற்றினால் உயர்வது பாடியும் சேஸிஸும்தான். அச்சில் இருக்கும் பல்சக்கரப் பெட்டியான டிஃபரன்ஷியல் அதே உயரத்தில்தான் இருக்கும், அதை உயர்த்தப் பெரிய டயர்தான் வழி. எங்கள் பாதையில் இப்போது சைலன்சரும் கியர்பாக்ஸ் அடிப்பக்கமும் தப்பிவிட்டன, பின் டிஃபரன்ஷியல் மட்டும் இன்னமும் இரண்டு இடத்தில் மேட்டைச் சீவிக்கொண்டு போகிறது. அந்த இரண்டு இடத்திலும் மேட்டை மண்வெட்டியால் வெட்டிவிடலாம் என்று மச்சான் சொல்கிறார், வரும் ஞாயிற்றுக்கிழமை அதுதான் வேலை.