கம்ப்ரசரை மாற்றியதாக பில் போட்டார்கள், மாற்றவே இல்லை: ஏர் சஸ்பென்ஷன் வண்டி வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

பழைய சொகுசு எஸ்யூவி வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். இந்த வண்டிகள் பலவற்றில் இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதில் ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு காற்றுப் பை இருக்கும், அதற்குக் காற்று அடிப்பது கம்ப்ரசர். இதுதான் ஏர் சஸ்பென்ஷன். நான்கு மாதத்தில் மூன்று முறை வொர்க்ஷாப்பில் வண்டியை விட்டேன், இரண்டு பெரிய பில் கட்டினேன். கடைசியில் பார்த்தால் கோளாறு ஒரு காற்றுக் குழாயின் முனையிலும், மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் துருப்பிடித்த ஒரு எர்த் பட்டையிலும், வயதான பேட்டரியிலும் இருந்தது. அந்த மூன்றில் ஒன்றைக்கூட அவர்கள் தொட்டுப் பார்க்கவில்லை.

வண்டிக்கு 13 வயது. ஒருநாள் காலையில் முன்பக்க இடது மூலை மட்டும் உட்கார்ந்திருந்தது. ஸ்டார்ட் செய்ததும் கம்ப்ரசர் ஓடி, இரண்டு நிமிடத்தில் நிமிர்ந்துவிட்டது. தானாகச் சரியாகிறதே என்று இரண்டு வாரம் விட்டுவைத்தேன். அப்படி விட்டிருக்கக் கூடாது. காற்று கசியக் கசிய, அதை ஈடுகட்ட கம்ப்ரசர் கூடுதல் நேரம் ஓடும். ஓட ஓடச் சூடாகும். சூட்டில் பிஸ்டன் ரிங் தேயும். கசிவு சின்னதாக இருக்கும்போதே பிடித்தால் கம்ப்ரசரைக் காப்பாற்றிவிடலாம்.

மூன்றாவது வாரம், ஓடிக்கொண்டிருக்கும்போதே சஸ்பென்ஷன் எச்சரிக்கை வந்து வண்டி தாழ்ந்துவிட்டது. இந்த மாதிரி வண்டிகளுக்கென்றே பெயர் வாங்கிய ஒரு வொர்க்ஷாப்புக்குக் கொண்டுபோனேன். வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்த கோளாறுகளைப் படிக்கும் ஸ்கேனரைச் செருகிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. "சார், கம்ப்ரசர் போயிடுச்சு. மெஷினே சொல்லுது பாருங்க" என்று திரையைக் காட்டினார்கள்.

காற்றுத் தொட்டியில் அழுத்தம் ஏற அதிக நேரம் ஆகிறது என்பதுதான் அந்த எரர் கோட். கம்ப்ரசர் தேய்ந்திருந்தால் இது வரும். ஆனால் எங்காவது கசிந்தாலும் வரும், டிரையருக்குள் இருக்கும் ஈரம் உறிஞ்சும் மணிகள் பொடிந்து வழியை அடைத்தாலும் வரும், கம்ப்ரசருக்குப் போகும் மின்சாரம் பாதி வழியிலேயே குறைந்தாலும் வரும். கம்ப்யூட்டருக்குத் தெரிந்தது நேரம் ஆகிறது என்பது மட்டும். காரணத்தை மனிதன்தான் தேட வேண்டும். அன்றைக்கு எனக்கு இது தெரியாது. சரி, மாற்றுங்கள் என்றேன்.

வண்டி வந்தது, ஒரு மாதம் ஒழுங்காக ஓடியது. அப்புறம் ஒரு காலையில் ஸ்டார்ட் செய்தபோது ஏபிஎஸ், ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல், கியர்பாக்ஸ், சஸ்பென்ஷன் என்று டேஷ்போர்டில் எல்லா விளக்கும் ஒன்றாக எரிந்தன. அணைத்து மறுபடி போட்டால் பாதி மறைந்தது. இந்த முறை "சஸ்பென்ஷன் மாட்யூல் அடிச்சிருச்சு சார்" என்றார்கள். சஸ்பென்ஷனைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் பெட்டிதான் மாட்யூல். அதையும் மாற்றினேன். பழைய பாகங்களைக் கேட்டேன். திருப்பி அனுப்பியாகிவிட்டது என்றார்கள். பத்து நாளில் அதே விளக்குகள் மறுபடி வந்தன. மூன்றாவது முறை கொண்டுபோனபோது எரர் கோடை அழித்துவிட்டு, இனி வராது என்று கொடுத்தார்கள். மறுநாளே வந்தது.

நண்பர் ஒருவர் வயதான ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் அனுப்பிவைத்தார். அவர் உடனே ஸ்கேனரை எடுக்கவில்லை. முதலில் மல்டிமீட்டரை எடுத்தார். இரவு முழுக்க நின்ற வண்டியில் பேட்டரி 12.1 வோல்ட் காட்டியது. நல்ல பேட்டரி முழு சார்ஜில் 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் நிற்க வேண்டும். செல்ஃப் அடிக்கச் சொன்னார். 8.7க்கு விழுந்தது. "பாத்தீங்களா தம்பி, இந்த நேரத்துல பெட்டி ஒவ்வொன்னும் மயங்கி எந்திரிக்குது. எந்திரிச்சதும் பக்கத்துப் பெட்டி பேசலைன்னு புகார் எழுதி வைக்குது" என்றார். பத்து மாட்யூல் ஒரே நேரத்தில் கெட்டுப்போகாது. பத்தும் ஒன்றாகக் கத்தினால் பொதுவாக இருக்கிற மின்சாரத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அடுத்து மீட்டரின் ஒரு முனையை இன்ஜின் மேலும் இன்னொன்றை பேட்டரி நெகட்டிவ் மேலும் வைத்து மறுபடி செல்ஃப் அடிக்க வைத்தார். 0.2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டிய இடத்தில் 0.8 வந்தது. இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டையைக் கழற்றினால், போல்ட் உட்காரும் இடம் முழுக்கத் துரு. உப்புத்தாள் போட்டு உலோகம் தெரியும்வரை தேய்த்து மாட்டினார். பேட்டரியை மாற்றினோம். எல்லா விளக்கும் போய்விட்டது. இன்றுவரை வரவில்லை.

கசிவை அவர் தேடிய விதத்தை எல்லோரும் தெரிந்துகொள்ளுங்கள், வீட்டிலேயே செய்யலாம். சமதரையில் வண்டியை நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் மையத்திலிருந்து மேலே மட்கார்டு விளிம்புவரை அளந்து எழுதச் சொன்னார். பிறகு சஸ்பென்ஷன் ஃபியூஸைக் கழற்றிவிட்டு இரவு முழுக்க விடச் சொன்னார். ஃபியூஸ் இருந்தால், பல வண்டிகளில் நிறுத்தியபிறகும் கம்ப்யூட்டர் அவ்வப்போது விழித்து, இறங்கிய மூலைக்குச் சமமாக மற்ற மூலைகளையும் இறக்கிவிடும். எது கசிகிறது என்றே தெரியாமல் போகும். காலையில் அளந்தபோது மூன்று மூலை அப்படியே இருந்தது. முன் இடது மட்டும் 45 மி.மீ. இறங்கியிருந்தது. சோப்புத் தண்ணீரைத் தெளித்தார். ஏர் பெல்லோ என்கிற காற்றுப் பை நன்றாகவே இருந்தது. அதன் தலையில் குழாய் நுழையும் இடத்தில் குமிழி குமிழியாக வந்தது. குழாயின் முனையைக் கொஞ்சம் வெட்டி, புது ஃபிட்டிங் போட்டார். அவ்வளவுதான் வேலை.

ஒன்று மட்டும்: இப்படித் தேடும்போது ஜாக் ஸ்டாண்ட் இல்லாமல் அடியில் தலையையோ கையையோ விடாதீர்கள். காற்று சட்டென்று இறங்கினால் இரண்டு டன்னுக்கு மேற்பட்ட வண்டி உங்கள் மேல் உட்காரும்.

மோசடி வெளியே வந்ததும் அன்றைக்குத்தான். ஸ்டாண்டில் ஏற்றியபின் கம்ப்ரசரை எட்டிப் பார்த்தவர், "இதைப் புதுசுன்னா சொன்னாங்க?" என்று கேட்டார். கருப்பு பெயின்ட் அடித்திருந்தது. போல்ட் தலையிலும் அதே பெயின்ட். முந்தைய வருடம் ஸ்பேர் விசாரிப்பதற்காக கம்ப்ரசர் லேபிளைப் போட்டோ எடுத்து வைத்திருந்தேன். ஒப்பிட்டேன். சீரியல் நம்பர் கடைசி எண்வரை ஒன்றே. என் கம்ப்ரசரையே கழுவி, பெயின்ட் அடித்து, திரும்ப மாட்டியிருக்கிறார்கள். கை நடுங்கியது எனக்கு. பிறகு ஸ்கேனர் போட்டுப் பார்த்தால், புதியது என்று பில் போட்ட மாட்யூலுக்குள் வேறொரு வண்டியின் சேசிஸ் நம்பர். கம்ப்ரசர் ஃபியூஸும் கையேட்டில் சொன்னதைவிட அதிக ஆம்பியர் உள்ளதாக இருந்தது. பணம் போனதைக்கூட விட்டுவிடுவேன், இதை என்னால் மன்னிக்க முடியவில்லை. ஒயர் அளவுக்கு மீறிச் சூடாகும் முன் அறுந்து காப்பாற்ற வேண்டியது ஃபியூஸ். அது அறுந்துபோகாவிட்டால் ஒயர் எரியும். அந்த வண்டியில் என் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறேன்.

போட்டோவோடு போய்க் கேட்டேன். "லேபிளை மட்டும் பழசுலேருந்து எடுத்து ஒட்டினோம் சார்" என்றார்கள். எதற்காக ஒட்டினீர்கள் என்றதற்குப் பதில் இல்லை. கொஞ்சம் பணத்தைத் திருப்பித் தருகிறோம், இனி புகார் இல்லை என்று எழுதிக் கொடுங்கள் என்றார்கள். எழுதிக் கொடுக்கவில்லை. பில், போட்டோ, ஸ்கேன் அறிக்கை எல்லாவற்றையும் வைத்து எழுத்துப்பூர்வமாகக் கேட்டிருக்கிறேன்.

கம்ப்ரசரோ மாட்யூலோ மாற்ற வேண்டும் என்று யாராவது உங்களிடம் சொன்னால், கசிவு பார்த்தீர்களா, எந்த மூலை எவ்வளவு இறங்கியது, செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி எத்தனை வோல்ட் என்று கேளுங்கள். எண் சொல்லத் தெரியாதவரிடம் வண்டியை விடாதீர்கள். பழைய பாகம் என் கைக்கு வர வேண்டும் என்று வேலை தொடங்கும் முன்பே எழுதி வாங்குங்கள். உண்மையிலேயே கம்ப்ரசர் மாற்றினால், அதற்கு மின்சாரத்தைப் போட்டு அணைக்கும் ரிலேவையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். பழைய ரிலே ஒட்டிக்கொண்டால் புதுக் கம்ப்ரசர் நிற்காமல் ஓடியே எரிந்துபோகும்.

வண்டி இப்போது வொர்க்ஷாப்பில் நிற்கிறது என்றால், வேலை தொடங்கும் முன் இன்றைக்கே போய் கம்ப்ரசர், மாட்யூல் இரண்டின் லேபிளையும் போட்டோ எடுத்துவிடுங்கள். என்னிடம் அந்த ஒரு போட்டோ இல்லாமல் போயிருந்தால், இன்றைக்கும் அவர்கள் சொன்னதை நம்பிக்கொண்டுதான் இருந்திருப்பேன்.