ஊதாவாக எரிந்தால் யூவிபி விளக்கா? ஊர்வன பராமரிப்பு ஒப்பந்தம் பற்றி ஓர் எச்சரிக்கை

பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் ஐ.டி. நிறுவனங்களில் வேலை பார்ப்பவர்களைக் குறிவைத்து ஒரு செல்லப்பிராணிக் கடை "ஊர்வன பராமரிப்புத் திட்டம்" ஒன்றை விற்றுவருகிறது. ஏ.சி.க்கு ஆண்டு ஒப்பந்தம் போடுவதைப் போல இகுவானா (ஓணானைப் போன்ற பெரிய பல்லி இனம்), ஆமை, மலைப்பாம்பு எதுவானாலும் மாதம் ஆறாயிரம் ரூபாய். கடை ஆள் பகலில் வீட்டுக்கு வந்து தீனி வைப்பார், கூண்டைத் துடைப்பார், விளக்கு பழுதானால் மாற்றுவார். கையெழுத்துப் போடும் எண்ணம் இருந்தால் முதலில் இதைப் படித்துவிடுங்கள். கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. புகார் நிலுவையில் இருக்கிறது.

என்னிடம் இருப்பது பச்சை இகுவானா. பெயர் பச்சையப்பன். அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் வரும் இனம் என்பதால், இத்தகைய உயிரினங்களைப் பதிவு செய்வதற்கான 2024 விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்து சான்றிதழ் வைத்திருக்கிறேன். எனக்கு இரவுப் பணி. விடியும் நேரத்தில் வீட்டுக்கு வந்து படுத்தால் மதியம் தாண்டித்தான் எழுவேன். இகுவானாவோ பகலில் வெயில் காய்ந்து, பகலில் தின்று, இருட்டியதும் உறங்கும் உயிர். அந்த இடைவெளியை நிரப்பத்தான் ஒப்பந்தம்.

பூனை நாய் வளர்ப்பவர்களுக்கு விளக்கு விஷயம் புரியாமல் போகலாம். இகுவானா இலை தின்னி. வைட்டமின் டி3ஐப் பெரும்பாலும் தோலில்தான் உருவாக்கிக்கொள்கிறது. அதற்கு ஏறத்தாழ 290 முதல் 315 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள யூவிபி என்ற புற ஊதாக் கதிர் தேவை. ஜன்னல் கண்ணாடி அதை வடிகட்டிவிடும் என்பதால் ஜன்னலோரம் கூண்டை வைத்துப் பயனில்லை. டி3 இல்லையென்றால் தின்ற கால்சியம் உடலில் சேராது. இரத்தத்தில் குறையும் கால்சியத்தை ஈடுகட்ட உடல் தன் எலும்பையே கரைக்கத் தொடங்கும். இன்னொரு சிக்கல்: யூவிபி குழல்விளக்கு கண்ணுக்குப் பளிச்சென்று எரிந்துகொண்டிருக்கும்போதே கதிர் தேய்ந்துபோகும். தயாரிப்பைப் பொறுத்து ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் மாற்றியாக வேண்டும். மனிதக் கண்ணால் சோதிக்க முடியாத ஒரு பொருள். ஏமாற்ற நினைப்பவருக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

என் கூண்டில் நான் வாங்கிப் போட்டிருந்த நல்ல குழல் இருந்தது. "சார், இதன் காலம் முடிந்துவிட்டது" என்று சொல்லிக் கழற்றிக்கொண்டு போனார்கள். புதிதுக்கு 3,500 ரூபாய் வாங்கினார்கள். விலைப்பட்டியலில் "இறக்குமதி யூவிபி குழல்" என்று அச்சடித்திருந்தது. ஊதா நிறத்தில் அழகாக எரிந்தது.

சில மாதங்கள் போனபின் பச்சையப்பன் கிளையில் ஏறுவதை நிறுத்தியது. பிறகு வயிற்றைத் தரையில் இழுத்து நகர்ந்தது. கால் விரல்கள் தாமாகத் துடித்தன. கீழ்த்தாடை இருபுறமும் உப்பி, தொட்டால் ரப்பரைப் போல வளைந்தது. கடை ஆளிடம் கேட்டேன். "தோல் உரிக்கும் பருவம் சார், சோம்பலாகத்தான் இருக்கும்" என்றார்.

ஊர்வன பார்க்கும் மருத்துவரிடம் கொண்டுபோனேன். எக்ஸ்ரேயில் எலும்பு எது, தசை எது என்றே பிரித்தறிய முடியவில்லை. வளர்சிதை எலும்பு நோய் என்றார். அடுத்து அவர் கேட்டது மருந்துச்சீட்டு பற்றியல்ல: "அந்த விளக்கைக் கழற்றிக்கொண்டு வாருங்கள்."

கொண்டுபோனேன். குழலின் முனையில் வெளிநாட்டு நிறுவனப் பெயரோடு ஓர் ஒட்டுத்தாள். மருத்துவர் நகத்தால் சுரண்ட, கீழே உற்பத்தியாளர் அச்சிட்டிருந்த பி.எல். (பிளாக்லைட்) என்ற எழுத்துகள் தெரிந்தன. இனிப்புக் கடைகளில் ஈ பிடிக்க மாட்டியிருக்கும் ஊதா விளக்கு இருக்கிறதே, அதற்கான குழல்! சில நூறு ரூபாய்ப் பொருள். அது உமிழ்வது 365 நானோமீட்டரை ஒட்டிய யூவிஏ என்ற வேறு வகைப் புற ஊதாக் கதிர். பூச்சிகளுக்குப் பிடிக்கும், இகுவானாவின் எலும்புக்கு ஒரு பயனும் இல்லை.

கடை முதலாளியிடம் குழலை நீட்டினேன். "ஊதாவாக எரிகிறதே சார், அதுதான் யூவி" என்று கூசாமல் சொன்னார். ஒட்டுத்தாளைக் காட்டியதும் விநியோகஸ்தர் மீது பழி. அதன்பின் "வெளிநாட்டு உயிர், நம் ஊர்த் தட்பவெப்பம் ஒத்துக்கொள்ளாது" என்றார். மத்திய அமெரிக்காவின் வெப்பக் காடுகளில் வாழும் பிராணிக்குச் சென்னையின் வெக்கையும் ஈரமும் ஒத்துக்கொள்ளாதாம்! கடைசியாக, இலவசமாக வேறு குழல் தருவதாகச் சொன்னார். அதே ஒட்டுத்தாள், அதே ஊதா.

மற்றதையும் தோண்டினேன். ஒப்பந்தத்தின் தீனிப் பட்டியலில் தினமும் முருங்கைக்கீரையும் செம்பருத்தி இலையும். கூண்டில் கிடந்ததோ வெள்ளரித் துண்டும் முட்டைக்கோஸ் தோலும். கால்சியம் மிகுந்த முருங்கைக்கீரைக்கு இவை எந்த வகையில் ஈடு? கூண்டருகே தொங்கிய நோட்டில் கடை ஆள் வேலை முடிந்ததாகக் குறியிடுவார். இன்னும் வராத வெள்ளிக்கிழமைக்கும் குறி விழுந்திருந்தது. "கூடுதல் சேவை" என்று மின்சாரத்தில் சூடாகும் வெப்பக்கல் ஒன்றை வேறு உள்ளே வைத்திருந்தார்கள். மேலிருந்து வரும் வெயிலுக்குப் பழகிய ஊர்வன, அடியில் சூடு மிஞ்சினாலும் விலகாமல் படுத்து வயிற்றைப் பொசுக்கிக்கொள்வது உண்டு. அதுவும் சென்னையில், மே மாதத்தில்!

அந்தக் கடை எப்படிப்பட்டது என்பதற்கு இன்னொன்று. அதே ஆள் "வீட்டுக்கு அதிர்ஷ்டம்" என்று நட்சத்திர ஆமை வாங்கித் தருவதாகவும் சொன்னார். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வீட்டில் வைத்திருப்பதே குற்றம். சிறைக்குப் போவது அவர் மட்டுமில்லை, வாங்குபவரும்தான்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்தேன். குழலுக்கான பணம் திரும்பி வந்தது. மருத்துவச் செலவுக்கும் ஒப்பந்தத் தொகைக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது.

பச்சையப்பன் பிழைத்துவிட்டது. கால்சியம் மருந்து, சரியான குழல், வெயில். தாடை இறுகிவிட்டது, முதுகில் விழுந்த வளைவு நிமிராது என்கிறார் மருத்துவர்.

இரவுப் பணி மாறவில்லை, ஏற்பாட்டை மாற்றினேன். விளக்குகளை டைமர் பார்த்துக்கொள்கிறது, சூட்டைத் தெர்மோஸ்டாட் பார்த்துக்கொள்கிறது. குழல் மாட்டிய தேதியை அழியாத மையால் அதன் மேலேயே எழுதிவிடுகிறேன். விடுமுறை நாளில் கீரை ஆய்ந்து ஈரத்துணியில் சுற்றிக் குளிர்பெட்டியில் வைத்தால் மூன்று நாளுக்குத் தாங்குகிறது. படுக்கப் போகுமுன் தட்டில் வைத்துவிடுவேன். பணியில்லாத காலைகளில் மொட்டைமாடியில் கம்பிவலைக் கூண்டில் வெயில். பாதிக்கு மேல் நிழல் இருக்கும்படி, பக்கத்திலேயே நான் உட்கார்ந்திருப்பேன். கண்ணாடித் தொட்டியோடு வெயிலில் வைத்துவிடாதீர்கள், சில நிமிடங்களில் உள்ளே வெந்துவிடும். கூண்டு துடைக்க மட்டும் பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவர் வருகிறார்.

இந்தத் திட்டத்தில் ஏற்கெனவே சேர்ந்திருப்பவர்கள் இன்றே மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் குழலைக் கழற்றி இரு முனைகளையும் பாருங்கள். ஒட்டுத்தாள் இருந்தால் படம் எடுத்துவிட்டுப் பிறகு உரியுங்கள். விலைப்பட்டியல், பணம் செலுத்திய விவரம், எக்ஸ்ரே எதையும் தூக்கிப் போடாதீர்கள். ஒரே வகையில் பாதிக்கப்பட்டவர்கள் ஆணையத்தின் அனுமதியோடு சேர்ந்து ஒரே மனுவாகத் தொடரலாம். என் மனு எண் வேண்டுபவர்கள் தனிச்செய்தி அனுப்புங்கள்.