உதவித்தொகை வாங்கிக்கொண்டே எல்எல்சி: இந்த முகவரிடம் போகாதீர்கள்

"வேலை போய்விட்டதா? உதவித்தொகையும் வாங்கலாம், சொந்தக் கம்பெனியும் தொடங்கலாம்" என்ற விளம்பரம் எங்கள் கலிஃபோர்னியா வட்டாரத் தமிழர் வாட்ஸ்அப் குழுவில் இந்த வாரம் மறுபடியும் வந்திருக்கிறது. சென்ற ஆண்டு இதே ஆளிடம்தான் நான் ஏமாந்தேன்.

ஆட்குறைப்பில் வேலை போனபின், வேலையில்லாதவர்களுக்கு மாநிலம் தரும் உதவித்தொகை வாரம் 450 டாலர் வந்தது. இங்கே அதுதான் உச்சவரம்பு, வாடகைக்கே போதாது. மென்பொருள் சோதனை வேலைகளை ஒப்பந்தத்தில் எடுக்கலாம் என்று எல்எல்சி (உரிமையாளரின் பொறுப்பு வரையறுக்கப்பட்ட நிறுவனம்) தொடங்க, கம்பெனி பதிவு செய்து தரும் அந்த முகவரிடம் போனேன். 1,200 டாலர் வாங்கினார். மாநிலத்துக்குக் கட்டும் பதிவுக் கட்டணம் வெறும் 70 டாலர். வரி அடையாள எண்ணுக்கு 150 டாலர் தனியாகக் கேட்டார். மத்திய அரசின் வரித் துறையான ஐஆர்எஸ் அதை இலவசமாகவே தருகிறது. வருமானமே இல்லாவிட்டாலும் எல்எல்சிக்கு ஆண்டுதோறும் 800 டாலர் வரி உண்டு என்பதை மட்டும் அவர் வாய் திறந்து சொல்லவில்லை.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். உதவித்தொகைக்காக இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நிரப்பும் படிவத்தில், வேலை செய்தீர்களா, பணம் ஈட்டினீர்களா என்ற கேள்வி இருக்கிறது. 'சம்பளம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும்' என்று அதிலேயே பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது. எனக்குச் சந்தேகம் வந்து அவரிடம் கேட்டேன். "சொந்தக் கம்பெனி வேலை கணக்கில் வராது, 'இல்லை' என்றே போடுங்கள்" என்று குறுஞ்செய்தி அனுப்பினார். நம்பி நான்கு முறை அப்படியே போட்டேன். அந்த எட்டு வாரமும் காலை முதல் இரவு வரை இணையதளம் அமைப்பதும் வாடிக்கையாளர்களைத் தேடி அலைவதுமாக இருந்தேன்.

பிறகு உதவித்தொகை தரும் மாநிலத் துறையிடமிருந்து கடிதம் வந்தது. வாங்கிய 3,600 டாலரைத் திருப்பிக் கட்ட வேண்டும், தவறான தகவல் தந்ததற்கு 30 சதவீத அபராதமாக மேலும் 1,080 டாலர். என் மனைவி அந்தத் தாளைப் படித்துவிட்டு ஒன்றும் பேசாமல் மேசைமேல் வைத்தாள். முகவரை அழைத்தேன். "நான் வழக்கறிஞர் இல்லையே, படிவத்தில் உறுதி அளித்தது நீங்கள்தானே" என்றார். அதன்பின் என் அழைப்பை அவர் எடுக்கவே இல்லை.

எல்எல்சியைப் பதிவு செய்த ஒரே காரணத்துக்காக உதவித்தொகை நின்றுவிடாது. அதற்காக உழைத்த வாரங்களில் 'ஆம்' என்று எழுதி, எத்தனை மணி நேரம், எவ்வளவு வருமானம் என்று உள்ளபடி சொல்ல வேண்டும். வருமானம் இல்லை என்றால் அதையும் சொல்ல வேண்டும். அந்தத் துறை விசாரித்து முடிவு செய்யும். ஒருவேளை தொகை குறைந்திருக்கலாம், நின்றும் போயிருக்கலாம். இந்த அபராதம் வந்திருக்காது.

மேல்முறையீடு செய்தேன். தொலைபேசி விசாரணையில் அந்தக் குறுஞ்செய்தியை நீதிபதிக்கு வாசித்துக் காட்டினேன். அபராதம் நீங்கியது, 3,600 டாலரை இன்னும் தவணையில் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

அவரை நம்பி 'இல்லை' என்று போட்ட வேறு யாருக்காவது கடிதம் வந்திருந்தால், அதில் அச்சிட்டிருக்கும் அஞ்சல் தேதியை இன்றே பாருங்கள். மேல்முறையீட்டுக்கான 30 நாள் கெடு அந்தத் தேதியிலிருந்தே ஓடுகிறது. அவருடைய குறுஞ்செய்திகள் எதையும் அழித்துவிடாதீர்கள்.