நீருக்கடியில் ஓடும் ஸ்கூட்டர்: கல்பேனியில் ஓட்டிப் பார்த்தேன்

கொழிஞ்சாம்பாறையில் போர்வெல் மோட்டாருக்கு வைண்டிங் கட்டும் கடை என்னுடையது. பாலக்காடு மாவட்டத்தில் எங்கள் சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பகுதியில் மழை குறைவு, போர்வெல்தான் கதி. அதனால் தண்ணீருக்குள் ஓடும் மோட்டார் எதைப் பார்த்தாலும் கழற்றிப் பார்க்கக் கை துறுதுறுக்கும். துபாயில் வேலை செய்யும் அக்கா மகன் ஒரு நீரடி ஸ்கூட்டரோடு வந்து, "லட்சத்தீவு கப்பல் டூருக்கு இதையும் எடுத்துட்டுப் போலாங்க மாமா" என்றான். சரி என்று கிளம்பினோம்.

முதலில் பொருளைப் பற்றி. இரண்டு கைப்பிடி, பக்கத்துக்கு ஒரு சின்ன ப்ரொப்பல்லர், நடுவில் லித்தியம் பேட்டரி. மொத்தம் மூன்றரை கிலோ. ஸ்கூட்டர் என்று பேர்தான், இதில் ஏறி உட்கார முடியாது. இரண்டு கையாலும் முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டால் அது நம்மை இழுத்துக்கொண்டு போகும். இரண்டு கைப்பிடியிலும் உள்ள பொத்தான்களை ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் ஓடும், ஒரு விரலை எடுத்தாலும் நின்றுவிடும். இந்த ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடித்தது. ப்ரொப்பல்லருக்கு முன்னும் பின்னும் வலைக்கம்பி இருக்கிறது, விரல் உள்ளே போகாது. மோட்டார் பிரஷ் இல்லாத வகை, சுற்றியுள்ள தண்ணீரே அதைக் குளிரவைக்கிறது. ஆகவே கரையில் வைத்துச் சும்மா ஓட்டிக் காட்டக் கூடாது. நம் ஊரில் கிணறு வற்றியது தெரியாமல் சப்மெர்சிபிளை ஓடவிட்டால் என்ன ஆகுமோ, அதேதான் இதற்கும் ஆகும்.

நாங்கள் போனது லட்சத்தீவு நிர்வாகத்தின் 'சமுத்திரம்' பேக்கேஜில். கொச்சியில் ஏறினால் இரவெல்லாம் கப்பலில், பகலில் கவரத்தி, கல்பேனி, மினிக்காய் தீவுகள். நுழைவு அனுமதி முன்கூட்டியே வாங்கிவிட வேண்டும். கப்பல் ஆழ்கடலிலேயே நின்றுவிடும், சின்னப் படகில்தான் கரைக்குப் போவோம். படகு மாறும்போது அலையில் ஏறி இறங்கும். இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டிய இடம் அது, ஸ்கூட்டரைத் தோள்பையில்தான் வைக்க வேண்டும்.

ஓட்டிப் பார்த்தது கல்பேனியின் கூமேல் பக்கம். எதிரே திலக்கம், பிட்டி என்ற குட்டித் தீவுகள். கல்பேனியும் செறியமும் இவையும் ஒரே லகூனுக்குள், அதாவது பவளப்பாறை சூழ்ந்த ஆழமில்லாத கடலுக்குள் இருக்கின்றன. தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவு. ஆனால் கரையிலிருந்து இறங்கியதும் பவளப்பாறை வந்துவிடாது. வெறும் வெள்ளை மணல் நீண்டுகொண்டே போகும், அங்கங்கே ஒரு கடல் அட்டை கிடக்கும், அவ்வளவுதான். பாறைத் திட்டு அதற்கும் அப்பால்.

இந்த மணல்வெளியில்தான் ஸ்கூட்டரின் அருமை தெரிந்தது. என் மனைவிக்கு முட்டி தேய்மானம். காலில் துடுப்பு மாட்டி உதைத்தால் கொஞ்ச தூரத்திலேயே வலி வந்துவிடும். லைஃப் ஜாக்கெட்டோடு, முகமூடி மாட்டி, ஸ்கூட்டரைப் பிடித்துக்கொண்டு, பயிற்சியாளர் பக்கத்தில் நீந்தி வர, அவள் காலை அசைக்காமலேயே பாறை வரைக்கும் போய்ச் சேர்ந்தாள். முகமூடியைத் தூக்கி என்னைப் பார்த்துச் சிரித்தாள். இந்தப் பொருளுக்கு எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று எனக்கு அப்போது தோன்றியது.

பாறைக்கு வந்ததும் பயிற்சியாளர், "மோட்டார் இவிடெ வேண்டா" என்றார். நிறுத்தினோம். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ப்ரொப்பல்லர் தள்ளும் தண்ணீர் மணலைக் கிளப்பிப் பவளத்தின்மேல் போடுகிறது. 1998, 2010, 2016 என்று கடல் சூடேறி வெளுத்து, அப்புறம் மெல்லத் தலைதூக்கும் பாறைகள் அவை. இன்னொன்று, ஓடிக்கொண்டிருந்தவரை மோட்டார் ரீங்காரம் தவிர வேறெதுவும் காதில் விழவில்லை. நிறுத்திய பிறகு நறுக் நறுக்கென்று ஒரு சத்தம். பார்த்தால், பச்சையும் நீலமுமாக ஒரு கிளிமீன், அலகு போன்ற பல்லால் பாறையைக் கொறித்துக்கொண்டிருந்தது. கொறித்த கல்லை அரைத்து மணலாக வெளியே விடும் மீன் அது. நாங்கள் தாண்டி வந்த வெள்ளை மணலில் அதன் பங்கும் உண்டு. ஸ்கூட்டர் வேகத்தில் போயிருந்தால் அதைப் பார்த்திருக்கவே மாட்டோம். பாறை வரைக்கும் போகவும் திரும்பி வரவும் மட்டும்தான் மோட்டார், பார்ப்பதற்குச் சும்மா மிதக்க வேண்டும்.

இனி எச்சரிக்கை. இதை அழுத்திச் சொல்கிறேன். லேபிளில் வேகம் நொடிக்கு ஒன்றரை மீட்டர் என்று போட்டிருக்கிறது. ஜாக்கெட் போட்டால் குறையும். லேபிள் கணக்கையே வைத்தாலும், பத்து நிமிடத்தில் 900 மீட்டர் தள்ளிப் போய்விடலாம். பேட்டரி அங்கே தீர்ந்தால், துடுப்புக் காலோடு நன்றாக நீந்துகிறவருக்கே கரைக்கு வர வெகுநேரம் ஆகும். நீந்தத் தெரியாதவரை அது கொண்டுபோய் நடுவில் விட்டுவிடும். மூன்றில் ஒரு பங்கு சார்ஜ் போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு கையிருப்பு. இதற்குமேல் ஆசைப்படாதீர்கள். திரும்பி வர முடியாத தூரத்துக்கு மோட்டாரை நம்பிப் போகவே கூடாது.

லைஃப் ஜாக்கெட்டின் தொங்கும் வார்களை உள்ளே செருகிவிடுங்கள். துப்பட்டா, அவிழ்ந்த தலைமுடி எதுவும் கூடாது, வலைக்கம்பி இருந்தாலும் நூல் உள்ளே போய்ச் சுற்றும். ஓடும்போது தலையைப் பக்கவாட்டில் திருப்பினால் முகமூடிக்குள் தண்ணீர் ஏறும். ஜாக்கெட் இல்லாமல் ஆழத்துக்குப் போகிறவர்கள் காதைக் கவனிக்க வேண்டும். மோட்டார் சட்டென்று கீழே இழுத்துவிடும், காது அதற்குள் பழகாது. மூக்கைப் பிடித்துக் காற்றைச் சமன்செய்ய ஒரு கை வேண்டுமே, இரண்டு கையும் கைப்பிடியில் அல்லவா இருக்கிறது?

உப்புத் தண்ணீரில் ஓடியதை நல்ல தண்ணீரில் முக்கி எடுக்காவிட்டால் சீல் சீக்கிரம் போய்விடும். தீவில் நல்ல தண்ணீர் பொன் மாதிரி. கவரத்தியில் 2005இல் சென்னை தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் அமைத்த ஆலை, ஆழ்கடலின் குளிர்ந்த நீரைக் கொண்டு நாளுக்கு ஒரு லட்சம் லிட்டர் குடிநீர் எடுக்கிறது. அதிலிருந்து ஒரு சொட்டைக்கூட இதற்குக் கேட்க மனம் வரவில்லை. கப்பலுக்கு வந்துதான் அரை வாளியில் முக்கினோம். பேட்டரி மூடியின் ரப்பர் வளையத்தை ஒவ்வொரு தடவையும் துடைத்துக் கொஞ்சம் சிலிகான் கிரீஸ் தடவினேன். ஒரு மணல் துகள் அங்கே உட்கார்ந்தால் போதும், பேட்டரி அறைக்குள் கடல் வந்துவிடும்.

என் குறை ஒன்றுதான். சார்ஜ் அளவைக் காட்டும் விளக்கு வெயிலில் கண்ணுக்கே தெரியவில்லை. உயிர் அதை நம்பி இருக்கும்போது அதை இன்னும் பளிச்சென்று வைத்திருக்க வேண்டும்.

வாங்க நினைப்பவர்கள் பேட்டரியில் வாட்-அவர் எண்ணைப் பாருங்கள், அது எவ்வளவு மின்சாரம் பிடிக்கும் என்ற கணக்கு. விமானத்தில் 100 வரை சிக்கல் இல்லை. 100க்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும், அதற்கு மேல் பயணியோடு வராது. தனியாகக் கழற்றிய பேட்டரியைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். இதில் 122 என்று இருந்தது, அக்கா மகன் துபாயில் ஏறும் முன்பே எழுதிக் கேட்டு அனுமதி வாங்கிவிட்டான்.