வெள்ளவத்தை உப்புக் காற்றில் ஒரு றலி சைக்கிள்: வீட்டிலேயே பூசிய எபொக்சி எப்படித் தாங்கியது?

முடிவை முதலே சொல்லிவிடுகிறேன். இரண்டு டின் கலந்து பூசும் எபொக்சி பிறைமரும் (அடிப்பூச்சு), அதற்கு மேல் பொலியுரேதேன் பெயின்றும் கொழும்புக் கடற்கரைக் காற்றுக்கு ஈடுகொடுக்கின்றன. ஆனால் வெளிப்பரப்புக்கு மட்டும்தான். தண்ணீர் தங்கும் இடுக்குகளையும் இரும்போடு இரும்பு உரசும் இடங்களையும் எந்தப் பெயின்றும் காப்பாற்றாது. அங்கே வாளியும் துணியும் எண்ணெயும்தான் வேலை செய்யும். நான் பூசியது 2023 ஜனவரியில். அன்றிலிருந்து மழை, வெயில் பார்க்காமல் ஓடுகிற வண்டி.

சைக்கிள் அப்பாவுடையது. நொட்டிங்ஹாமில் செய்த கறுப்பு றலி, இருபத்தெட்டு இஞ்சிச் சில்லு, ரொட் பிரேக். 90களில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் போகாத காலத்தில் ஆளும் மூட்டையுமாகச் சுமந்த வண்டி. 2022இல் கொழும்பிலும் பெற்றோலுக்கு வரிசையும் கியூஆர் பங்கீடும் வந்தபோது, வெங்காய லொறி ஒன்றில் ஏற்றி எடுப்பித்தேன். ஊரில் கொட்டிலுக்குள் சாக்கால் மூடிக் கிடந்தபோது பிடிக்காத கறள், வெள்ளவத்தைத் தொடர்மாடியின் கீழ்த் தரிப்பிடத்தில் சில மாதங்களிலேயே பிடித்துவிட்டது. மரின் டிரைவுக்கும் கடலுக்கும் இடையில் இருப்பது ரயில் தண்டவாளம்தான். மே தொடக்கம் செப்ரெம்பர் வரை தென்மேற்குக் காற்று அலைத் தூவலை நேரே எங்கள் பக்கம் தள்ளும். பல்கனிக் கண்ணாடியைத் தொட்டு விரலை நாக்கில் வைத்தால் கரிக்கும்.

பெயின்ற் தூளைத் தூவிச் சூட்டில் உருக்கி ஒட்டும் பவுடர் கோட்டிங்கைச் செய்யச் சொல்லாதவர் இல்லை. பார்க்க அழகுதான். ஆனால் ஒரு இடத்தில் தெறித்தால் ஈரம் அடியால் ஊர்ந்துபோகும். மேலே பளபளப்பு அப்படியே இருக்க, உள்ளே கறள் பரவியிருக்கும். கண்டுபிடிக்கும்போது காலம் கடந்துவிடும். ஸ்பிரே டின் இன்னும் மோசம். சாதாரண ஸ்பிரேயின் படை மெல்லியது, கடற்கரையில் ஒரு பருவம் தாண்டுவதே பெரிய காரியம்.

அமெரிக்காவில் இருக்கும் மச்சான் வேறொரு யோசனை சொன்னார். அவர் தன்னுடைய கைத்துப்பாக்கிக்கு வீட்டிலேயே செராகோட் என்ற செரமிக் பூச்சு அடித்து, 120 பாகை செல்சியஸ் அளவில் இரண்டு மணித்தியாலம் சூட்டடுப்பில் வைத்து இறுக்கியவர். துப்பாக்கி சூட்டடுப்புக்குள் அடங்கும், றலி அடங்குமா? ஆனாலும் அவரிடம் கேட்டதில் பாதி எனக்கு உதவியது. பூச்சை விட முன்வேலைதான் முக்கியம், எண்ணெய்ப் பசை போக்கிய இரும்பை வெறும் விரலால் தொடக்கூடாது, வழவழப்பான இரும்பில் எதுவும் ஒட்டாது என்பதெல்லாம் துப்பாக்கிக்கும் சைக்கிளுக்கும் பொது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க இராணுவத்தின் 1911 ரகக் கைத்துப்பாக்கிகளுக்குப் பார்க்கரைசிங் என்ற பாஸ்பேற்றுப் பூச்சுப் போட்டார்கள். அதன் நுண்ணிய பளிங்குகள் இரும்பைச் சொரசொரப்பாக்கி எண்ணெயைப் பிடித்து வைத்திருக்கும். பழைய றலிகளின் கறுப்புக்கு அடியில் இருப்பதும் அதன் தம்பிதான். அந்தக் கால விளம்பரங்களில் பொண்டரைசிங் என்று பெருமையாகப் போட்டிருப்பார்கள். அதனால்தான் பழைய பெயின்ற் இறுக்கமாக ஒட்டியிருந்த இடங்களை நான் வெள்ளை இரும்பு தெரியும்வரை உரசவில்லை. மினுக்கத்தை மட்டும் எடுத்துவிட்டு விட்டேன். கறள் இருந்த இடங்களைத்தான் கம்பித் தூரிகையால் அடி காணும்வரை தேய்த்தேன். சேகரிப்பாளர்கள் திட்டுவார்கள், பொன்நிறக் கோடுகள் எல்லாம் போய்விட்டன. கழுத்திலிருக்கும் றலியின் கொக்குச் சின்னத் தகட்டை மட்டும் டேப் ஒட்டிக் காப்பாற்றினேன்.

கொழும்பில் இந்த வேலைக்கு ஜனவரி, பெப்ரவரிதான் தோது. காற்றின் ஈரப்பதன் 85 சதவீதத்துக்கு மேலே இருந்தால் பூசக்கூடாது என்பது பொதுவான கணக்கு. இங்கே விடியற்காலைகளில் அது சர்வசாதாரணமாகத் தாண்டும், மத்தியானத்தில்தான் இறங்கும். தேய்த்து வைத்த இரும்பை மறுநாள் பூசலாம் என்று விட்டால் காலையில் செம்மஞ்சள் படர்ந்திருக்கும். தேய்ப்பு, துடைப்பு, முதல் பூச்சு மூன்றும் ஒரே நாளில் முடிய வேண்டும்.

பிறைமர் வாங்கியது பழைய சோனகத் தெருவில். கடை நானா கலவையைப் பற்றித்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். "தம்பி, கண்ணளவில ஊத்தாதீங்க. டின்ல போட்டிருக்கிற கணக்குத்தான் கணக்கு. ஹார்ட்னர் கூடப் போட்டா கெதியாக் காயும்னு நினைக்கிறாங்க, அது சரிவராது." உண்மை. எபொக்சியில் ஹார்ட்னர் வேகம் கூட்டும் மருந்து இல்லை, பூச்சின் ஒரு பாதியே அதுதான். அளவு பிசகினால் கடைசிவரை இறுகாது. நம் சூட்டில் கலந்த எபொக்சி கிண்ணத்திலேயே தடித்துவிடும் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கலக்க வேண்டும்.

இன்னொன்றை யாரும் சொல்லித் தருவதில்லை. ஈரக் காற்றில் எபொக்சி காயும்போது மேலே மெழுகு மாதிரி ஒரு வழுவழுப்புப் படியும். கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, விரல் வழுக்கும். ஹார்ட்னரில் உள்ள அமைன் என்ற இரசாயனம் காற்றிலிருக்கும் ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து உண்டாக்குவது அது. அதன் மேல் அடுத்த பூச்சுப் போட்டால் பிறகு தோலாக உரிந்து வரும். இளஞ்சூட்டுத் தண்ணீரும் சோப்பும் போட்டுக் கழுவி, காயவிட்டு, லேசாக உரசி, அப்புறம்தான் மேல்பூச்சு.

மேல்பூச்சு பொலியுரேதேன். அதன் ஹார்ட்னரில் ஐசோசயனேற் என்ற இரசாயனம் இருக்கிறது. ஸ்பிரே அடித்தால் அந்தத் தூவல் நுரையீரலுக்குள் போய் ஆஸ்துமாவை உண்டாக்கும், துணி மாஸ்க் அதைத் தடுக்காது. எனவே நான் தூரிகையால்தான் பூசினேன், அதுவும் திறந்த மொட்டைமாடியில், வாயு வடிகட்டி பூட்டிய மாஸ்க்கும் கையுறையும் போட்டு. தூரிகைத் தடம் கிட்டப் போய்ப் பார்த்தால் தெரியும். ஓடுகிற சைக்கிளில் யார் பார்க்கப் போகிறார்கள்?

இனிப் பாவனையில் கண்டது. வெயிலில் நிற்கும் பக்கத்திலும் கறுப்பு இன்னும் கறுப்பாகவே இருக்கிறது. வியர்வை சொட்டும் பாரின் மேல்பக்கத்தில்கூட ஒன்றுமில்லை. பூட்டுச் சங்கிலி அடித்து அடித்துச் சீற்றுக்குக் கீழுள்ள குழாயில் ஒரு துண்டு தெறித்தது. வெறும் இரும்பு தெரிந்தது, கறளும் பிடித்தது. ஆனால் அந்தக் கறள் தெறித்த விளிம்பைத் தாண்டிப் பக்கத்துப் பூச்சுக்கு அடியில் போகவில்லை. எபொக்சிக்குக் கொடுத்த காசு அந்த ஒரு இடத்திலேயே திரும்பிவிட்டது. லாம்பு பூட்டும் தகட்டில் மேல்பூச்சுப் போடாமல் எபொக்சியோடு விட்டிருந்தேன். இப்போது அதைத் தடவினால் விரலில் சாம்பல் மா ஒட்டுகிறது. எபொக்சிக்கு வெயில் ஆகாது.

பூச்சுத் தோற்றுப்போன இடம், முன்சில்லைப் பிடித்திருக்கும் போர்க்கின் தலை. மட்காட் பூட்டும் போல்ற்றைச் சுற்றிக் கடுகளவு கொப்புளங்கள் கிளம்பின. ஊசியால் குத்தினால் பழுப்புத் தண்ணீர். மட்காட்டுக்கும் போர்க்குக்கும் நடுவே உப்புத் தண்ணீர் இறங்கித் தங்கி, துவாரத்தின் உள்விளிம்பிலிருந்து தொடங்கியிருக்கிறது. அந்த உள்விளிம்புக்குத் தூரிகை போகாது. பிரேக் ரொட் உரசும் வளையங்களிலும் பூச்சுப் போய்விட்டது, அங்கே இப்போது கிறீஸ்தான். குழாய்களின் உட்புறத்துக்கு ஆரம்பத்திலேயே எஞ்சின் ஒயில் ஊற்றிச் சுழற்றி வடித்திருந்தேன்; பெடல் அச்சைக் கழற்றியபோது உள்ளே கறள் புதிதாக ஏதும் இல்லை. பருவக்காற்று மாதங்களில் வாரக் கடைசியில் நல்ல தண்ணீரால் கழுவித் துடைக்கிறேன். அதைச் செய்யாமல் பெயின்றைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

ஒரு மனக்குறை, பொதியின் அளவு. ஒரு சைக்கிளுக்குத் தேவைப்படுவது கொஞ்சம், கிடைக்கும் சின்ன டின்னே பல சைக்கிளுக்குப் போதும். பொலியுரேதேன் ஹார்ட்னரைத் திறந்துவிட்டால் ஈரத்தை இழுத்து டின்னுக்குள்ளேயே கட்டியாகிவிடும், வைத்திருந்து பாவிக்க வழியில்லை. போர்க்கின் தலையை வருகிற ஜனவரியில் திரும்பச் செய்யப் புதுசு வாங்கியே ஆக வேண்டும். கீழ்மாடி அண்ணை தன் பல்கனிக் கிறிலுக்குப் பங்கு கேட்டிருக்கிறார். பழைய பெயின்றைத் தேய்த்து எடுக்க அவர் சம்மதித்தால் சேர்ந்து வாங்குவோம். கறளுக்கு மேலேயே பூசிவிடலாம் என்று இன்னும் நிற்கிறார்.