பிர்ரா நுர்சியா: இடிந்த ஊரிலிருந்து வரும் இரண்டு பீர்கள்

இத்தாலியின் நோர்சியா ஊர்ப் பெனடிக்டின் துறவிகள் காய்ச்சும் பீர் பிர்ரா நுர்சியா. அதை வாங்குகிறவர்களில் சிலர் பீருக்காக வாங்குவதில்லை. மேற்கில் கோவில்கள் காலியாகின்றன, பண்பாடே சரிகிறது என்று கவலைப்படும் கிறிஸ்தவர்களுக்கு அது ஒரு அடையாளப் பொருளாகிவிட்டது. அலமாரியில் சிலுவைக்குப் பக்கத்தில் திறக்காமலே நிற்கிறது. பாட்டிலுக்குச் செய்யும் அநியாயம் அது. உள்ளே இருப்பது பீர், அதுவும் நல்ல பீர். வெளிர் வகையை வருஷக்கணக்கில் வைத்திருந்தால் வீணாய்ப் போகும்.

இத்தாலியின் உம்ப்ரியா மாகாணத்தில் உள்ள நோர்சியா, சுமார் 480-இல் புனித பெனடிக்ட் பிறந்த ஊர். நம் பங்குகளில் ஆசீர்வாதப்பர் என்று சொல்வோமே, அவர்தான். நெப்போலியன் காலச் சட்டத்தால் 1810-இல் துறவிகள் அங்கிருந்து வெளியேறினார்கள். திரும்பி வந்தது 2000-இல். 2012-இல் பீர் காய்ச்சத் தொடங்கினார்கள். 2016 ஆகஸ்ட் 24 நிலநடுக்கத்துக்குப் பிறகு ஊருக்கு வெளியே மலைச்சரிவில் கூடாரம் போட்டுத் தங்கினார்கள். அக்டோபர் 30 காலை 7.40-க்கு 6.5 அளவில் இன்னொன்று வந்தது. பெனடிக்ட் பேராலயத்தில் முகப்புச் சுவர் மட்டும் நின்றது. அதன் பின்னால் கல் குவியல். துறவிகள் மலைச்சரிவிலேயே, கப்புச்சின் என்ற வேறொரு துறவற சபையின் பழைய மடம் இருந்த இடத்தில், புது மடம் கட்டிக்கொண்டார்கள். பீரும் மறுபடி வந்தது.

மடத்துக்கு ஏன் பீர், ஏன் வேறு தொழில் இல்லை? காரணம் வேலை நேரத்தில் இருக்கிறது. பெனடிக்ட் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்கு நூலில் 73 அதிகாரங்கள். அதன்படி பகலில் ஏழு முறையும் இரவில் ஒரு முறையும் மணியடித்தால் செய்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு ஜெபத்துக்குப் போக வேண்டும். 150 திருப்பாடல்களும் ஒரு வாரத்தில் பாடி முடிய வேண்டும். இந்தக் கெடுபிடிக்குள் அடங்கும் தொழில்கள் கொஞ்சம். பீர் அடங்கும். அரைத்த மால்ட்டை (முளைகட்டி உலர்த்திய தானியம்) 65 டிகிரி வாக்கில் சுடுநீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவைப் போட்டு இன்னொரு மணி நேரத்துக்கு மேல் கொதிக்கவிட்டு, ஆறவைத்து ஈஸ்ட் சேர்க்கும் வரைதான் ஆள் பக்கத்திலேயே நிற்க வேண்டும். அது ஒரு நாள் வேலை. அப்புறம் வாரக்கணக்கில் ஈஸ்ட் பார்த்துக்கொள்ளும். ரொட்டி அடுப்பு அப்படி விட்டுக்கொடுக்காது, மணி அடிக்கும்போது கருகும்.

இங்கே பார்ப்பது இரண்டு வகை. பியோண்டா வெளிர்நிறம், ஆல்கஹால் 6 சதவீதம். எக்ஸ்ட்ரா கருநிறம், 10 சதவீதம். இரண்டுமே பெல்ஜிய மடத்துப் பீர் பாணி. 33 சென்டிலிட்டர், 75 சென்டிலிட்டர் அளவுகளில் வரும்.

பியோண்டாவில் முதலில் எழுவது ஈஸ்ட் தரும் பழ வாசனை. பின்னால் லேசான மசாலா நெடி. முடிவில் நாக்கு வறண்டு, அடுத்த வாய்க்கு இடம் விடுகிறது. 6 முதல் 8 டிகிரி குளிர்ச்சி போதும். ஐஸ் பெட்டியில் உறையும் அளவுக்கு வைத்தால் வாசனை செத்து வெறும் சோடாவாகிவிடும். எக்ஸ்ட்ராவுக்கு 10 முதல் 12 டிகிரி. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து இருபது நிமிஷம் மேசையில் வைத்துவிட்டுத் திறங்கள். கருகிய வெல்லம், உலர்ந்த அத்திப்பழம், கொஞ்சம் சாக்லேட் எல்லாம் அப்போதுதான் பிரிந்து தெரியும். எங்கள் ஓட்டு எக்ஸ்ட்ராவுக்கு.

ஆனால் கணக்குப் பார்த்துக் குடிக்க வேண்டிய பீர் அது. 33 சென்டிலிட்டர் எக்ஸ்ட்ராவில் 33 மில்லி சுத்த ஆல்கஹால். அதே அளவு சாதாரண 5 சதவீத பீர் இரண்டு பாட்டிலுக்குச் சமம். 75 சென்டிலிட்டர் பாட்டில் நாலு பேருக்கானது. பெனடிக்டே துறவிக்கு நாளுக்கு ஓர் ‘எமினா’ (பழைய ரோம அளவை) திராட்சை மது என்று அளந்துதான் கொடுத்தார். துறவிக்கு மது ஆகாது என்று படித்திருக்கிறோம், ஆனால் இந்தக் காலத்துத் துறவிகளை அதற்கு இணங்கவைக்க முடியவில்லை என்று 40-ஆம் அதிகாரத்தில் ஒரு பெருமூச்சும் விடுகிறார். பீர் என்றாலே முகம் சுளிக்கும் நம்மூர் சபையினருக்கு அந்த வரி பிடிக்கும்.

கெடுவது எங்கே? பெரும்பாலும் ஊற்றும் கையில். இந்தப் பாணிப் பீர் பாட்டிலுக்குள்ளேயே மறுபடி நொதிக்கும். அடியில் ஈஸ்ட் வண்டல் தங்கும். திறப்பதற்கு முன் ஒரு நாள் முழுக்க நிமிர்த்தி வையுங்கள். வாய் குவிந்த கிண்ணக் கண்ணாடியைச் சாய்த்து, நடுவில் நிறுத்தாமல் ஒரே மூச்சில் ஊற்றி, அடியில் ஒரு விரற்கடை விட்டுவிடுங்கள். விட்டு விட்டு ஊற்றினால் வண்டல் கலங்கி, கசப்பும் மாவு ருசியும் ஏறும். திறந்ததும் நுரை பொங்கி வழிந்தால் பாட்டில் சூடாக இருந்திருக்கும் அல்லது பயணத்தில் குலுங்கியிருக்கும். நனைந்த அட்டைப்பெட்டி வாடை வந்தால் ஆக்சிஜன் புகுந்து பழசாகிவிட்டது என்று அர்த்தம். வெயிலோ கடை விளக்கோ பட்டால் ஹாப்ஸ் வேதிமாற்றம் அடைந்து முடைநாற்றம் எடுக்கும். கண்ணாடி அலமாரியில் காட்சிக்கு வைப்பவர்களுக்கு இதையும் சொல்லிவிட வேண்டும்.

சாப்பாட்டுக்கு அந்த ஊர்ச் சரக்கே பொருத்தம்: பக்கத்துக் காஸ்தெல்லூச்சோ மேட்டுச் சமவெளியின் சின்னப் பருப்பு, பன்றி இறைச்சித் தொத்திறைச்சி. இத்தாலியில் பன்றிக்கறிக் கடைக்கே ‘நோர்சினெரியா’ என்று இந்த ஊர்ப் பெயரால் வந்த சொல்தான். நம் சமையலில் மிளகு போட்ட பன்றி வறுவலோடு எக்ஸ்ட்ரா நன்றாகச் சேரும். பச்சை மிளகாய்க் காரம் வேண்டாம். 10 சதவீத ஆல்கஹால் எரிச்சலை இரட்டிப்பாக்கும்.

ஒரு குறை, விலை. கைவினைப் பொருளை வெளியார் விற்பதைவிடச் சற்றுக் குறைத்து விற்கச் சொல்கிறது ஒழுங்கு நூலின் 57-ஆம் அதிகாரம். சிறு அளவு உற்பத்தி, வரி, கண்ணாடிப் பாட்டிலை அனுப்பும் செலவு எல்லாம் சேர்ந்தபின் அந்த மலிவு வாங்குபவர் கைக்கு எட்டுவதில்லை. டாஸ்மாக்கில் தேட வேண்டாம். ஐரோப்பாவில் இருப்பவர்கள் மடத்திடமே இணையத்தில் கேட்டு வாங்கலாம், கோடை உச்சத்தைத் தவிர்த்து.

லேபிளில் ‘ஊத் லேதிஃபிசெத் கோர்’ என்று லத்தீனில் இருக்கிறது: உள்ளம் மகிழும்படி. 104-ஆம் திருப்பாடலின் சொல். பண்பாட்டை மீட்போம் என்று லேபிளில் எழுதவில்லை. பெனடிக்டும் அப்படிச் சொல்லிக்கொண்டு கிளம்பவில்லை. 476-இல் மேற்கு ரோமின் கடைசிப் பேரரசன் பதவியிலிருந்து இறக்கப்பட்டபின் பிறந்தவர். படிக்கப்போன ரோமின் ஒழுக்கக்கேடு பொறுக்காமல் விலகி, சுபியாக்கோ குகையில் மூன்று ஆண்டு இருந்தார். பிறகு மொந்தே காசினோவில் மடம் கட்டினார். லொம்பார்தியர் தாக்குதல், சாரசேனியர் தாக்குதல், 1349 நிலநடுக்கம், 1944 பிப்ரவரி 15 குண்டுவீச்சு என்று அந்த மடம் நாலு தடவை தரைமட்டமானது. ‘வெட்டினாலும் துளிர்க்கும்’ என்பது அதன் முத்திரை வாசகம். நோர்சியாத் துறவிகள் அந்தக் குடும்பத்தில் பிறந்தவர்கள், அதனால்தான் கூடாரத்திலும் திருப்பாடல் நேரம் தவறவில்லை.

முதல் முறை வாங்கினால் 33 சென்டிலிட்டரில் பியோண்டா இரண்டு, எக்ஸ்ட்ரா இரண்டு போதும். பியோண்டாவை உடனே குடித்துவிடுங்கள். எக்ஸ்ட்ராவில் ஒன்றைக் குளிர்ந்த இருட்டு மூலையில் நிமிர்த்தி வைத்து, வாங்கிய தேதியைக் கழுத்தில் எழுதி ஒட்டுங்கள். இரண்டு கிறிஸ்துமஸ் தாங்கும்.